சரளைக்குழிக்குத் திட்டம் போடுவது எப்படி: கடைசிக் கோட்டை முதலில் வரையுங்கள்

சரளை எடுக்கப் போகிற நிலத்துக்கு வரைபடம் போடச் சொன்னால் எல்லோரும் குழியைத்தான் முதலில் வரைவார்கள். நானும் அப்படித்தான் வரைந்தேன். வெட்டி முடித்து நிலத்தைச் சீராக்கப் போனபோதுதான் கையைச் சுட்டது. அந்தக் கதை மூன்றாம் படியில் வருகிறது. அனுமதி, எல்லைக் கல், வேலி எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடுகிறேன்.

படி 1: முடிவை எழுதுங்கள்

வேலை முடிந்தபின் அந்த இடம் என்னவாக இருக்கும்? மேய்ச்சல் நிலமா, தோப்பா, குளமா? ஒரே வரி போதும். ஆனால் இதில் பாதி முடிவு உங்கள் கையில் இல்லை, நிலத்தடி நீர் கையில் இருக்கிறது. குழியின் தரை நீர்மட்டத்துக்கு மேலே நின்றால்தான் அது நிலம். கீழே போனால், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் குளம்.

படி 2: சோதனைக் குழிகள்

பொக்லைனை வைத்து நான்கைந்து இடங்களில் தோண்டிப் பாருங்கள். மேல்மண் எத்தனை சென்டிமீட்டர், அதன் கீழே உதவாத மண் எவ்வளவு, சரளை எவ்வளவு, தண்ணீர் எங்கே வருகிறது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வையுங்கள். கரை நேராக நிற்கிறதே என்று குழிக்குள் இறங்காதீர்கள். டேப்பை மேலிருந்து விட்டு அளக்கலாம், சல்லடையில் சலித்துப் பார்ப்பதற்கான மாதிரியைப் பொக்லைன் வாளியிலிருந்தே எடுக்கலாம்.

ஒரு குழியில் மட்டும் துளைபோட்ட பிவிசி குழாயை நிறுத்தி, அதைச் சுற்றிக் குழியை மூடுங்கள். கோடையில் ஒருமுறை பார்த்த நீர்மட்டத்தை நம்பக் கூடாது. மழைக்காலம் முடிகிற வரை அந்தக் குழாயில் அளந்து, இருப்பதிலேயே உயர்ந்த அளவைத் திட்டத்தில் போடுங்கள்.

படி 3: சரிவு (நான் விழுந்த இடம்)

100 மீட்டருக்கு 100 மீட்டர் நிலம், 10 மீட்டர் ஆழம். அப்படியென்றால் 1,00,000 கன மீட்டர் சரளை என்று நான் துள்ளிக் குதித்தேன். ஆனால் கடைசியில் கரைகளை மூன்றுக்கு ஒன்று சரிவில் விட வேண்டும், அதாவது கிடையாக 3 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்க வேண்டும். 10 மீட்டர் ஆழத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 30 மீட்டர் சரிவுக்கே போய்விடும். அடித்தளம் 40-க்கு 40 ஆகச் சுருங்கிவிடுகிறது.

இப்போது கணக்கு: மேல் பரப்பு 10,000, கீழ்ப் பரப்பு 1,600, இரண்டையும் பெருக்கினால் வருகிற எண்ணின் வர்க்கமூலம் 4,000. மூன்றையும் கூட்டி, 3 ஆல் வகுத்து, ஆழத்தால் பெருக்குங்கள். 52,000 கன மீட்டர். கிட்டத்தட்ட பாதி காணாமல் போனது!

சரி, அளவு குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும். என் பெரிய தப்பு வேறு. எல்லைக்கோடு வரைக்கும் செங்குத்தாக வெட்டி, "சரிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டேன். அப்புறம் பார்த்தால், சரிவு போட மண்ணே இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தொட முடியாது, இந்தப் பக்கம் எல்லாம் லாரியில் ஏறிப் போயாகிவிட்டது.

புல்டோசர் கரையின் மேல்பாதியைச் சீவித்தான் கீழ்ப்பாதியை நிரப்பும். ஆகவே வெட்டி நிறுத்திய கரை, கடைசிச் சரிவு இரண்டின் நடுப்புள்ளியும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் கடைசிச் சரிவின் நடுப்புள்ளி எல்லையிலிருந்து 15 மீட்டர் உள்ளே வரும். வெட்டும் கரை 45 பாகையில் நிற்கிறது என்றால் அதன் நடுப்புள்ளி, கரை விளிம்பிலிருந்து 5 மீட்டர். அப்படியானால் எல்லைக்கு 10 மீட்டர் முன்பே வெட்டுவதை நிறுத்த வேண்டும். நிலத்தில் அந்தக் கோட்டில் கம்பு நட்டு, சிவப்பு வர்ணம் அடித்துவிடுங்கள். பொக்லைன் ஓட்டுகிறவர் உங்கள் வரைபடத்தைப் பார்க்கப் போவதில்லை, கம்பைத்தான் பார்ப்பார்.

இந்தக் குறுக்குவெட்டை வரைய வரைபடத் தாளும் பென்சிலும்தான் என் விருப்பம். கன அளவுக்கு ஒரு விரிதாள், வரைபடத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற கணினி மென்பொருள். ட்ரோன் படம் அழகுதான், ஆனால் புதர் மண்டிய இடத்தில் அது தரையின் உயரத்தைச் சொல்லாது, புதரின் உயரத்தைச் சொல்லும்.

படி 4: பகுதி பகுதியாக

மொத்த நிலத்தையும் ஒரே மூச்சில் திறக்காதீர்கள். மூன்றாகப் பிரித்தால், இரண்டாம் பகுதியின் மேல்மண்ணை நேரே முதல் பகுதியின் சரிவில் பரப்பிவிடலாம். மூன்றாவதன் மண் இரண்டாவதற்கு. முதல் பகுதியின் மண் மட்டும் கடைசி வரை காத்திருக்கும். அது போகப்போவது மூன்றாம் பகுதிக்கு. அதனால் அந்தக் குவியலை மூன்றாவதன் பக்கத்திலேயே, ஆனால் வெட்டப் போகிற இடத்துக்கு வெளியே வையுங்கள். ஒரே மண்ணை இரண்டு முறை அள்ளுவது வெட்டிச் செலவு.

படி 5: மேல்மண்

ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் மேல்மண் என்றால் 3,000 கன மீட்டர். மழையில் ஊறியிருக்கும்போது அதைத் தொடாதீர்கள், நசுங்கிக் களியாகிவிடும். கீழே உள்ள உதவாத மண்ணோடு கலக்கவும் கூடாது. குவியல் 2 மீட்டருக்கு மேல் உயர வேண்டாம். உயர்ந்தால் உள்ளே காற்றுப் புகாமல் மண்ணின் உயிர் போய்விடும். நீண்ட நாள் கிடக்கும் குவியலில் புல்லோ பயறுவகையோ விதைத்துவிட்டால் மழையில் கரையாது.

திரும்பப் பரப்பும் முன் குழியின் தரையை அரை மீட்டர் ஆழத்துக்காவது கிளறிவிடுங்கள். மாதக்கணக்கில் லாரி ஓடிய தரை சாலை மாதிரி இறுகியிருக்கும்.

பிற்சேர்க்கை: வாசகர் ஒருவர் எல்லாம் செய்தும் செடி மஞ்சளாகி நின்றது என்று எழுதியிருந்தார். கேட்டுப் பார்த்ததில், தரையைக் கிளறியவர், மண்ணைப் பரப்பியபின் வழவழவென்று இருக்கட்டும் என்று அதன்மேல் டோசரை நாலு தடவை ஓட்டியிருக்கிறார். பரப்பியதும் இறங்கிவிட வேண்டும். மேடு பள்ளமாக இருந்தால்தான் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கும்.

இன்னொருவர் குளமாக விடப் போகிறாராம். கரையோரத்தில் மூன்றுக்கு ஒன்று போதாது, நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டையில் மட்டும் ஐந்துக்கு ஒன்று அல்லது அதைவிட மட்டமாக விடுங்கள். தவறி விழுந்தவர் ஏறிவரவும் கோரைப்புல் வேர்பிடிக்கவும் அது வேண்டும். அங்கே கம்பு நடும் கோடும் அதற்கேற்ப இன்னும் உள்ளே தள்ளிப்போகும், மூன்றாம் படிக் கணக்கை மறுபடி போடுங்கள்.