டிரக்கியாஸ்டமி டியூபோடு வீடு திரும்பியவரைப் பார்த்துக்கொள்வது எப்படி?

வாய், நாக்கு, தாடை, தொண்டை ஆகிய இடங்களில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தால் வீக்கத்தில் மூச்சுவழி அடைபடலாம். அதனால் கழுத்தின் முன்பக்கம் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூபைப் பொருத்துகிறார்கள். பலருக்கு ஆஸ்பத்திரியிலேயே அதை எடுத்துவிடுவார்கள். சிலர் டியூபோடுதான் வீட்டுக்கு வருவார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ளும் வீட்டாருக்காக இதை எழுதுகிறோம்.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் டாக்டரிடம் ஒன்றைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்: குரல்வளை இருக்கிறதா, முழுதாக எடுத்துவிட்டார்களா? முழுதாக எடுத்திருந்தால் மூச்சுக்குழாயின் மேல்முனை கழுத்துத் தோலோடு தைக்கப்பட்டிருக்கும். வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே இருக்காது. அவசரத்தில் வரும் ஆம்புலன்ஸ்காரர் வழக்கம்போல முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்தால் ஒரு துளியும் உள்ளே போகாது. அவருக்குக் கழுத்துத் துளையில்தான் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். "கழுத்து வழியாக மட்டுமே மூச்சு" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டுங்கள். அவருடைய பர்ஸிலும் ஒன்று இருக்கட்டும்.

சளி ஏன் கட்டியாகிறது

வீட்டில் நடக்கும் விபரீதங்களில் நாங்கள் அதிகம் அஞ்சுவது டியூப் அடைப்பு. மூக்கு செய்யும் வேலை காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துவது. டியூப் போட்டதும் காற்று மூக்கைத் தொடாமல் நேராக உள்ளே போகிறது. சளி உலர்ந்து, டியூபின் உள்சுவரில் பொருக்காகப் படிந்து, ஒரு நாள் மொத்தமாக அடைத்துவிடும். ஆகவே சளியை உறிஞ்சுவதை விட அது உலராமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

டியூப் வாயில் பொருத்தும் ஈரப்பத ஃபில்டர் கொடுத்திருந்தால் பகல் முழுக்க அது இருக்கட்டும். 24 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். சளி பட்டுவிட்டால் உடனே. அதைக் கழுவி மறுபடி போடக் கூடாது. சளி கெட்டியாக இருந்தால் டாக்டர் சொன்ன இடைவெளியில் 0.9% சலைன் 3 முதல் 5 மில்லி வரை நெபுலைசரில் கொடுங்கள். அப்போது ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். நனைந்த ஃபில்டர் வழியாக மூச்சு விடுவது சிரமம். உடம்பில் நீர் குறைந்தாலும் சளி கெட்டிப்படும். உணவு செலுத்தும் டியூப் வழியாகச் சாப்பிடுபவருக்குத் தண்ணீர் அளவைக் குறித்து வைப்பது நல்லது.

பெரும்பாலான டியூப்களில் வெளிக்குழாய்க்குள் ஒரு உள்குழாய் இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று முறையாவது அதைக் கழற்றிப் பாருங்கள். சளி அதிகமானால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு கையால் வெளிக்குழாயின் தகட்டை அழுத்திப் பிடித்து, மறு கையால் உள்குழாயைத் திருகி, அதன் வளைவுக்கு ஏற்ப கீழ்நோக்கி இழுங்கள். சுத்தமான மாற்றுக் குழாயை உடனே போட்டுவிட்டு, பிறகு அழுக்கானதைக் கொதித்து ஆறிய நீரிலோ சலைனிலோ மென்மையான பிரஷ் கொண்டு கழுவுங்கள். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள்: மஞ்சளாக மெல்லிய வளையம் தெரிந்தால்கூட இன்னும் ஒரு முறை கழுவ வேண்டும். உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். தண்ணீரிலேயே ஊறப்போட்டு வைத்தால் அதில் கிருமி வளரும்.

சக்ஷன்

கதீட்டர் எனும் மெல்லிய குழாயை டியூபுக்குள் விட்டுச் சளியை உறிஞ்சி எடுப்பதுதான் சக்ஷன். இத்தனை மணிக்கு ஒரு முறை என்று கணக்கு வைக்காதீர்கள். கரகரப்புச் சத்தம் கேட்டு, இருமியும் சளி வெளியே வராதபோது மட்டும் செய்யுங்கள். டியூபின் உள்விட்டத்தில் 2 கழித்து, 2 ஆல் பெருக்கினால் கதீட்டர் அளவு வரும். 8 எம்.எம். டியூபுக்கு 12 ஃப்ரெஞ்ச் (கதீட்டரின் தடிமனைச் சொல்லும் அளவு), 7-க்கு 10. இதைவிடப் பெரியது போட்டால் சளியோடு நுரையீரலின் காற்றையும் இழுத்துவிடும்.

எவ்வளவு ஆழம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கையிருப்பில் உள்ள அதே அளவு டியூபுக்குள் கதீட்டரை விட்டு, மறுமுனையில் அரை சென்டிமீட்டர் எட்டிப்பார்க்கும் இடத்தில் பேனாவால் குறியிடுங்கள். அந்தக் குறிக்கு மேல் உள்ளே தள்ள வேண்டாம். அதற்கு மேல் போனால் நுனி மூச்சுக்குழாய்ச் சுவரை இடித்துப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். உறிஞ்சாமல் உள்ளே விட்டு, உறிஞ்சிக்கொண்டே வெளியே எடுங்கள். உள்ளே போய் வருவது 10 விநாடிக்குள் முடிய வேண்டும். அழுத்தம் 80 முதல் 120 எம்.எம். பாதரசம் போதும், 150-ஐத் தாண்ட வேண்டாம். அடுத்த முறைக்கு முன் அவர் நான்கைந்து மூச்சு விட்டு ஆசுவாசப்படட்டும். சளியை இளக்க டியூபுக்குள் நேரடியாகச் சலைன் ஊற்றுவதை வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

டியூபைக் கட்டும் பட்டையை மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முழு நேரமும் டியூபைப் பிடித்திருக்க வேண்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு விரல் நுழைந்தால் சரி. டியூபுக்குக் கீழே வைக்கும் துணியைச் சாதாரண காஸில் கத்தரித்துச் செய்யாதீர்கள், நூல் பிரிந்து உள்ளே போகும்.

டியூப் நுனியில் பலூன் இருந்தால் ஒரு எச்சரிக்கை: பலூன் ஊதியிருக்கும்போது பேச உதவும் ஒருவழி வால்வைப் பொருத்தவே கூடாது. காற்று உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது. பலூன் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் சுவருக்கு ரத்த ஓட்டம் நின்று புண்ணாகி, பின்னாளில் மூச்சுக்குழாய் சுருங்கும். பலூன் இருப்பதால் உணவு புரையேறாது என்று நம்ப வேண்டாம். சக்ஷன் சளியில் சாப்பிட்ட உணவின் நிறம் தெரிந்தால் வாய்வழி உணவை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

மூச்சுத் திணறினால்

ஆம்புலன்ஸை ஒருவர் அழைக்கட்டும். மற்றவர் இந்த வரிசையை மாற்றாமல் செய்யட்டும்:

1. வால்வு, மூடி, ஃபில்டர், எது இருந்தாலும் எடுங்கள்.
2. உள்குழாயைக் கழற்றுங்கள். பலருக்கு இங்கேயே சரியாகிவிடலாம்.
3. கதீட்டரை விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் போனால் சக்ஷன் செய்யுங்கள்.
4. போகவில்லை, பலூன் இருக்கிறது என்றால் காற்றை இறக்குங்கள்.
5. அப்படியும் மூச்சு வரவில்லையானால் அடைத்த டியூபை எடுத்துவிட வேண்டும். துளையில் ஆக்சிஜன் கொடுங்கள். குரல்வளை உள்ளவருக்கு முகத்திலும் கொடுங்கள்.

துளை பழகியவராக இருந்து, ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால் மட்டும் புது டியூபைப் போடுங்கள். வழிகாட்டிக் கம்பியோடு நுழைத்து, நுழைந்ததும் கம்பியை உருவிவிட வேண்டும். அது உள்ளே இருக்கும்வரை மூச்சு போகாது. அதே அளவு ஒன்று, ஒரு அளவு சிறியது ஒன்று என இரண்டு டியூப்கள் எப்போதும் அவர் அருகிலேயே இருக்கட்டும். வெளியே போகும்போதும் பையில் வையுங்கள். அறுவை நடந்து ஒரு வாரத்துக்குள் டியூப் வெளியே வந்துவிட்டால் நீங்கள் திணித்துப் பார்க்கக் கூடாது. பாதை உறுதிப்படாததால் டியூப் மூச்சுக்குழாய்க்கு வெளியே, தசைக்குள் போய்விடும்.

ரத்தம், உமிழ்நீர்

சக்ஷனுக்குப் பிறகு சளியில் நூல்போல ரத்தக் கோடு தெரிவது பெரிய விஷயமில்லை. இரண்டு டீஸ்பூன் அளவுக்குப் புது ரத்தம் வந்தால் அது தானாக நின்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நின்றுவிட்டதே என்று காத்திருப்பதுதான் ஆபத்து. டியூப் உரசிப் பெரிய ரத்தக்குழாய் வெடிக்கும் முன் இப்படி ஒரு சிறிய கசிவு முன்னறிவிப்பாக வருவதுண்டு. இது முதல் சில வாரங்களில் அதிகம். கழுத்தில் ரேடியேஷன் எடுத்தவருக்கோ, காயம் பிளந்து குழிவிழுந்தவருக்கோ மாதங்கள் கழித்தும் நேரலாம். வெளியே பீறிட்டால் சுத்தமான துணியை வைத்துக் கையால் அழுத்திப் பிடித்தபடியே போங்கள்.

குரல்வளை எடுத்தவர்களுக்குத் தையல் வழியாக உமிழ்நீர் கசிவது பெரும்பாலும் 5 முதல் 10 நாளுக்குள் தெரியும். முதலில் தோல் சிவந்து சூடாகும், கட்டு நாற்றமடிக்கும், லேசாகக் காய்ச்சல் வரும். ரேடியேஷன் எடுத்தவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், புரதம் குறைந்தவர்கள், தைராய்டு சுரப்பு குறைந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். வாய்வழியாகத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லுங்கள். பலருக்கு மறு அறுவை இல்லாமலேயே, டியூப் வழி உணவாலும் காயத்துக்குச் சரியாகக் கட்டுப் போடுவதாலும் மூடிக்கொள்கிறது.

டியூபை எடுத்த பிறகு துளை பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தானாக மூடும். அதுவரை இருமும்போதும் பேசும்போதும் கட்டின் மேல் இரு விரலால் அழுத்தச் சொல்லுங்கள். வாரங்களோ மாதங்களோ கழித்து, மாடி ஏறும்போது விசில் போலச் சத்தம் கேட்டு மூச்சு வாங்கினால் ஆஸ்துமா மருந்தோடு நின்றுவிடாதீர்கள். மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கலாம். காது-மூக்கு-தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப் (கேமரா உள்ள குழாய்) விட்டுப் பார்த்தால் அது தெரியும்.