வலிப்புள்ள ஆக்களுக்கு உதவப் போறவை விடுற பிழையள்

இப்ப கொஞ்சக் காலமா எங்கட வன்னிப் பக்கத்தில, மல்லாவி துணுக்காய் தொடங்கி ஒட்டுசுட்டான் வரைக்கும், இளம் பிள்ளையள் கனபேர் வலிப்பு வாற ஆக்களின்ர வீடுகளுக்குப் போய்வரத் தொடங்கியிருக்கினம், கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகினம், தாய் தேப்பனைக் கூப்பிட்டு வைச்சுக் கதைக்கினம். நல்ல விசயம்தான். ஆனா பார்த்துக்கொண்டிருக்க ஒரு பக்கம் சிரிப்பும் ஒரு பக்கம் கடுப்பும் வருது, ஏனெண்டா நாங்கள் தொடங்கின காலத்தில எங்கெங்க போய் முட்டுப்பட்டமோ அதே இடத்தில அச்சுப் பிசகாமல் இவையும் முட்டுப்படுகினம். அதுதான் எழுதுறன்.

கையில சாவி குடுக்கிறது, பல்லுக்குள்ள கரண்டி வைக்கிறது, நாலு பேர் ஏறி அமத்திப் பிடிக்கிறது உதெல்லாம் பிழையெண்டு ஆஸ்பத்திரிச் சுவரில ஒட்டியிருக்கிற போஸ்டரே சொல்லும், அதை விடுவம். ஒண்டை மட்டும் சொல்லிப்போட்டுப் போறன்: மணிக்கூட்டைப் பாருங்கோ. 5 நிமிசத்துக்கு மேல இழுத்தால், இல்லாட்டி நினைவு திரும்ப முதலே அடுத்தது வந்தால், 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தண்ணிக்குள்ள வந்து தூக்கி எடுத்த ஆளெண்டா, எழும்பி இருந்து கதைச்சாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத்தான் வேணும். பயந்து நிக்கேக்க 2 நிமிசம் 20 நிமிசம் மாதிரித் தெரியும், அதால குத்துமதிப்பாச் சொல்ல வேண்டாம்.

கிளினிக்குக்கு கதையில்லாமல் போறது

என்னை இண்டைக்கும் எரிச்சல்படுத்துற பிழை இதுதான்.

வலிப்பு எந்த வகையெண்டு கண்டுபிடிக்கிறது முக்கால்வாசி மெஷினால இல்லை, கண்ணால கண்ட ஆள் சொல்லுற கதையால. வலிப்பு வந்த ஆளுக்கு என்ன நடந்ததெண்டே தெரியாது, அவர் நினைவில்லாமல் கிடந்தவர். டொக்டர் முன்னால வரேக்க ஆள் சும்மா எங்களை மாதிரித்தான் இருப்பார். ஆனா எங்கட சனம் என்ன செய்யினம்? கண்ட ஆள் வயலுக்குப் போயிடும், இல்லாட்டி கூலிக்குப் போயிடும், ஒரு நாள் சம்பளத்தை விடேலாதுதானே, அதால ஒண்டையுமே காணாத அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு விடிய முதல் பஸ்ஸில கிளிநொச்சிக்கு வருவினம். வெளியில நூறு பேர் காவல். உள்ள போனா "வலிப்பு வந்ததோ?" "ஓம் ஐயா வந்தது." "குளிசை போடுறவரோ?" "ஓம் ஐயா." முடிஞ்சுது, கொப்பியில எழுதி அடுத்த திகதி குடுத்து விட்டிடுவினம். இதில டொக்டரையும் பிழை சொல்லேலாது, அவருக்கு நாங்கள் குடுத்தது அவ்வளவுதான்.

ஒரு பிள்ளை, பத்தாம் வகுப்பு, படிப்பில கெட்டிக்காரி. சோதினைக்கு எண்டு சாமம் சாமமா முழிச்சிருந்து படிச்சுப்போட்டு ஒரு நாள் காலமை அடுப்படியில விழுந்து பெரிசா இழுத்திட்டுது. உதவிக்கு வந்த தம்பி ஒருத்தர், நல்ல பிள்ளை, ஒரு ஃபைல் போட்டு அடையாள அட்டைக் கொப்பி, ஜீ.எஸ் (கிராம சேவகர்) கடிதம், கொடுப்பனவுக்கு விண்ணப்பப் படிவம் எல்லாம் வடிவா அடுக்கிக்கொண்டு தாயோட கிளினிக்குக்குப் போனவர். டொக்டர் தாயைக் கேக்க முதலே இவரே மறுமொழியும் சொல்லிப்போட்டார், விழுந்தது, இழுத்தது, நுரை தள்ளினது எண்டு. கார்பமசெபின் எழுதினவை. அது வந்து கனபேருக்கு அருமையா வேலை செய்யிற குளிசை. ஆனா இந்தப் பிள்ளைக்கு வர வரக் கூடினது. கூடினா என்ன செய்யிறது, அளவைக் கூட்டினவை. பேந்தும் கூட்டினவை. பிள்ளை வகுப்பில மேசையில தலை வைச்சு நித்திரை, பிறகு பள்ளிக்கூடமே போகேல்ல, ஓ லெவலும் எடுக்கேல்ல. 2 வருசம் அப்பிடியே போச்சுது.

நான் அந்த வீட்டுக்குப் போனது வேற அலுவலா. எல்லாருக்கும் கிளாசில தேத்தண்ணி வந்தது, அந்தப் பிள்ளைக்கு மட்டும் நசுங்கின சில்வர் பேணி. ஏனெண்டு கேட்டன். தாய் சிரிச்சுக்கொண்டு சொல்லுறா, "அவளுக்கு காலமையில கை ஒரு உதறு உதறும் அக்கா, கிளாசைக் குடுத்தா எறிஞ்சு போடுவாள், எத்தினை கிளாஸ் உடைச்சவள் தெரியுமே. கவனமில்லாத பிள்ளை." எவ்வளவு காலமா எண்டு கேட்டா, பெரிய வலிப்பு வர முதலே கன காலமா உதறுதாம். டொக்டரிட்ட சொன்னனீங்களோ? "அது வலிப்பில்லையே அக்கா, அதை ஏன் சொல்லுவான்."

அதுதான் வலிப்பு! பத்து பன்னிரண்டு வயசுக்குப் பிறகு தொடங்குற ஒரு வகை இருக்கு, காலமை எழும்பின கையோட கையும் தோளும் திடீரெண்டு உதறும், நித்திரை குறைஞ்சா கூடும், ஆளுக்கு நினைவு இருக்கும், பிறகு ஒரு நாள் பெரிசா வரும். இந்த வகைக்கு கார்பமசெபின், பெனிட்டோயின் மாதிரி மருந்துகள் சிலவேளை உதறலைக் கூட்டிவிடும். ரெண்டு மூண்டு நாள் காலமையில போனில வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டச் சொன்னன். டொக்டர் வீடியோவைப் பார்த்திட்டு மருந்தை மெல்ல மெல்ல மாத்தி லெவெட்டிராசிட்டத்துக்குக் கொண்டு வந்தவர். இப்ப பிள்ளை கிளாசில தேத்தண்ணி குடிக்குது. ஆனா அந்த 2 வருசத்தை ஆர் திருப்பிக் குடுக்கிறது? ஜீ.எஸ் கடிதத்துக்கு ஃபைல் போட்ட ஆக்களுக்கு வீட்டில ஒரு காலமை இருந்து பார்க்க நேரமில்லையோ?

(உதை வாசிச்சுப்போட்டு ஆரும் ஓடிப்போய் கார்பமசெபினை நிப்பாட்டிப் போடாதேங்கோ. வேற வகை வலிப்புகளுக்கு அதுதான் சரியான மருந்து. மாத்துறது டொக்டரின்ர வேலை.)

அப்ப என்ன கொண்டு போறது? ஒரு பழைய அப்பியாசக் கொப்பி காணும். வலிப்பு வர முதல் ஆள் என்ன செய்துகொண்டிருந்தவர், முதல்ல எந்தக் கை எந்தக் கால் தொடங்கினது, கண் எந்தப் பக்கம் போனது, நிறம் மாறினதோ, எத்தினை நிமிசம், நாக்கைக் கடிச்சதோ, மூத்திரம் போனதோ, பிறகு எவ்வளவு நேரம் குழம்பிப் போய் இருந்தவர். முதல் நாள் நித்திரை எப்பிடி, குளிசை தவறினதோ, பெண்பிள்ளையளெண்டா மாதவிலக்குத் திகதி. ஆக்கள் வலிப்பெண்டு நினைக்காத சின்னச் சின்னதையும் எழுதுங்கோ: கை உதறுறது, கதைச்சுக்கொண்டிருக்கேக்க நாலைஞ்சு செக்கன் வெறிச்சுப் பார்க்கிறது, வாயைச் சும்மா சப்புறது. கண்ட ஆள் வரேலாதெண்டா கிளினிக்கில இருந்து அவருக்கு போன் எடுத்து டொக்டரிட்டயே குடுங்கோ. வீடியோ எண்டா முதல் ஆளைப் பாதுகாப்பா ஒருக்களிச்சுப் படுக்க வைச்சிட்டு, பக்கத்தில ஒரு ஆள் நிக்க, மற்ற ஆள் எடுக்கலாம்.

இன்னொண்டு, ஈஈஜி (தலையில வயர் ஒட்டி மூளையின்ர மின் ஓட்டம் பார்க்கிற சோதினை) நோமல் எண்டு வந்தா "வலிப்பில்லை" எண்டு வீட்டில பட்டாசு கொளுத்துறது. அது அந்த அரை மணித்தியாலத்தில மூளையில ஒண்டும் தெரியேல்ல எண்டுறது மட்டும்தான். மற்றப் பக்கமும் இருக்கு, வெயிலுக்குள்ள நிண்டு தலைசுத்தி மயங்கி விழுந்த ஆளை வலிப்பெண்டு சொல்லிக் குடுத்து வருசக்கணக்கா குளிசை விழுங்க வைச்ச கதையும் எனக்குத் தெரியும். எல்லாம் கதை சொன்ன விதத்தால வந்த வினை.

நிண்டிட்டுது எண்டு குளிசையை விடுறது

விடாதேங்கோ. பொதுவா 2 வருசமாவது ஒண்டும் வராமல் இருந்தாப் பிறகுதான் டொக்டர் அந்தக் கதையையே எடுப்பார், அதுவும் மாசக்கணக்கில கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு. ஒரேயடியா நிப்பாட்டினா நிக்காத வலிப்பா வந்து உயிருக்கே ஆபத்தாப் போகும்.

பாணி மருந்தைக் குலுக்காமல் குடுக்கிறது

சின்னப் பிள்ளையளுக்குக் குடுக்கிற பாணி சிலது அடியில அடையும். குலுக்காட்டி முதல் கிழமை தண்ணி, கடைசிக் கிழமை மருந்து. சீனிக் கரண்டியாலயும் அளக்க வேண்டாம், சிரிஞ்சை வாங்கி வையுங்கோ.

சாமியோட சண்டைக்குப் போறது

புதுசா வாறவைக்கு இதில ஒரு வேகம். நூல் கட்டியிருக்கிறதைக் கண்டவுடன "உது மூடநம்பிக்கை" எண்டு தொடங்கிவிடுவினம். அண்டைக்கே அந்த வீட்டுப் படலை பூட்டுப்படும், பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் ஏறாது. நூலும் கட்டட்டும், புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தியும் வைக்கட்டும், குளிசையையும் போடட்டும். எங்க கவனிக்க வேணுமெண்டா விரதத்திலயும் நித்திரையிலயும். கந்தசஷ்டிக்கு உபவாசம் எண்டு 6 நாள் குளிசையையும் சேர்த்து விடுற ஆக்கள் இருக்கினம், விரதத்துக்கு முதலே டொக்டரிட்ட கேக்கச் சொல்லுங்கோ, ஐயரிட்டயும் கேக்கச் சொல்லுங்கோ, மருந்து விரதத்தை முறிக்காது எண்டு அவர் சொன்னா எங்களை விட அவற்ற சொல்லுக்குத்தான் மதிப்பு. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு விடிய விடிய முழிச்சிருந்திட்டு அடுத்த நாள் வலிப்பு வந்தா "அம்மாளின்ர கோபம்" எண்டுவினம். அது நித்திரை முழிச்சதால வந்தது. போக வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ, பகலில படுத்து எழும்பிப் போய், குளிசையையும் கொண்டு போய், நேரத்துக்குத் திரும்பி வரச் சொல்லுங்கோ.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம்

மறைச்சுச் செய்து வைக்கிறது. மாமி காணக்கூடாதெண்டு குளிசையை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைச்சு, ஒளிக்கிறது கரச்சலாப் போய் கடைசியில விடுறது, பிறகு வயித்தில பிள்ளையோட பெரிய வலிப்பு. மாப்பிள்ளைக்கு சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ எண்டுதான் நான் எப்பவும் சொல்லுறது, அதுக்காக என்னோட கதைக்காமல் விட்ட குடும்பங்களும் இருக்கு.

இதில புது ஆக்கள் விடுற பிழை, உந்தக் கதையைக் கலியாணம் எழுதினாப் பிறகு எடுக்கிறது. அதுக்கு முதலே எடுக்க வேணும். சோடியம் வல்புரோவேட் போடுற பெண்பிள்ளை எண்டா கட்டாயம், ஏனெண்டா கர்ப்பகாலத்தில அந்த மருந்து போட்டால் 10 பிள்ளையில ஒண்டுக்கு பிறவிக் குறைபாடு வரலாம், 3-4 பேருக்கு கதைக்கிறது படிக்கிறதில பிந்தங்கல் வரலாம். முதலே சொன்னா டொக்டர் மருந்தை மாத்தலாம், போலிக் அசிட் விட்டமினும் தொடங்கலாம். வயித்தில தங்கினாப் பிறகு கேள்விப்பட்டுப் பயந்து தானா நிப்பாட்டுறது அதை விட மோசம், உடன கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கோ. கார்பமசெபின், பெனிட்டோயின், பினோபாபிட்டோன் போடுற ஆக்களுக்கு குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையும் கையில தோலுக்குக் கீழ வைக்கிற ஜடெலும் வடிவா வேலை செய்யாது. கருப்பைக்குள்ள வைக்கிற லூப், 3 மாச ஊசி பரவாயில்லை. மிட்வைஃப் மிஸ்ஸியிட்ட வலிப்புக் குளிசையின்ர பேரைச் சொல்லாட்டி அவவுக்கு எப்பிடித் தெரியும்?

செல் துண்டு

வன்னியில வேலை செய்யிறவை, சண்டையில செல் வெடிச்சுப் பட்ட காயத்தை மறக்கவே கூடாது. தலையில காயம் பட்ட ஆளுக்கு, முக்கியமா மண்டையோட்டைத் துளைச்சுக்கொண்டு போன காயமெண்டா, வருசங்கள் கழிச்சும் வலிப்புத் தொடங்கலாம். "அது 2009ல பட்டது, அதுக்கும் இதுக்கும் என்ன" எண்டு கேக்கிற ஆக்களிட்ட வடிவா விசாரிச்சு எழுதிக் குடுங்கோ. அதோட, எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்க அனுப்பினா உடம்பில எங்கயாவது செல் துண்டு, சன்னம் இருக்கெண்டு முதலே சொல்ல வேணும், காலில இருந்தாலும் சொல்ல வேணும். அந்த மெஷின் பெரிய காந்தம், இரும்பை உள்ளுக்க அசைச்சுவிடும். சிலபேர் அந்தக் கதையை எங்கயும் எடுக்க விரும்பாயினம், பயம், அது விளங்குது. கதவைச் சாத்திப்போட்டு தனியக் கேளுங்கோ, எப்பிடிப் பட்டது எண்டு கேக்காமல் எங்க இருக்கு எண்டு மட்டும் கேளுங்கோ.

எல்லாத்தையும் தடை செய்யிறது

கிணத்தடி வேண்டாம், குளம் வேண்டாம், சைக்கிள் வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம். கடைசியில பிள்ளை திண்ணையில. வலிப்புக்கு பள்ளிக்கூடம் தடையில்லை. வகுப்பு ரீச்சருக்கும் பக்கத்து மேசைப் பிள்ளைக்கும் என்ன செய்யிறதெண்டு சொல்லிக் குடுத்தாக் காணும், "வந்து கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டு ஒவ்வொரு தரமும் போன் எடுக்கிற அதிபரோட ஒருக்கா இருந்து ஆறுதலாக் கதையுங்கோ. குளிக்கிறதெண்டா கிணத்துக் கட்டில ஏறி அள்ளாமல் வாளியில வைச்சு, ஆரும் பக்கத்தில நிக்க. தனிய குளத்தில இறங்கிறது, பனை ஏறுறது, தனிய கடலுக்குப் போறது, மோட்டச்சைக்கிள் ஓடுறது, இதுகளுக்கு மட்டும் டொக்டர் ஓமெண்டு சொல்லும் வரைக்கும் கண்டிப்பா நில்லுங்கோ.

போட்டோ

எடுத்துப் பேஸ்புக்கில போடாதேங்கோ.

"இதுக்கு மேல ஒண்டும் செய்யேலாது"

ஒழுங்காக் குளிசை போட்டா 10 பேரில 7 பேர் வரைக்கும் வலிப்பில்லாமல் இருக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மிச்ச ஆக்களை நாங்கள்தான் சும்மா கைவிட்டிடுறம், கிழமைக்கு ரெண்டு தரம் வந்தாலும் "அவருக்கு அப்பிடித்தான்" எண்டு பழகிப்போடுறம். பொருத்தமான ரெண்டு மருந்தை சரியான அளவில, தவறாமல் போட்டும் நிக்கேல்ல எண்டா அதுக்குப் பேரே வேற, மருந்துக்கு அடங்காத வலிப்பு, மேல அனுப்பிப் பார்க்க வேண்டிய கேஸ். நரம்பியல் டொக்டர் பார்க்கலாம், கொழும்புத் தேசிய வைத்தியசாலையில வலிப்புக்கெண்டே தனி யூனிட் இருக்கு, சிலருக்கு ஒப்பரேசன், சில பிள்ளையளுக்கு கொழுப்புக் கூடின விசேஷ சாப்பாட்டு முறை. ஆனா அதைக் கேக்க முதல் குளிசைப் பக்கெட்டை எடுத்து எண்ணிப் பாருங்கோ, 30 இருக்க வேண்டிய இடத்தில 52 கிடந்தா பிரச்சினை மருந்தில இல்லை. எண்ணிக்கை சரியெண்டா அடுத்த கிளினிக்கில கொப்பியையும் வீடியோவையும் வைச்சுக்கொண்டு, "ஐயா, மேல அனுப்பிப் பார்க்கலாமோ" எண்டு தாயையே வாயைத் திறந்து கேக்கச் சொல்லுங்கோ. நீங்கள் கேக்காதேங்கோ.