தராசு துண்டு துண்டாகப் பேசினால்: பைத்தானில் பைட்அரே

தை மாதம், சம்பா அறுவடை மும்முரம். நீடாமங்கலம் பக்கம் மாமாவின் அரிசி மில்லில் எலக்ட்ரானிக் தராசை சீரியல் கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, எடையைத் தானே பதிவு செய்கிற ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். மறுநாள் காலையிலேயே போன். “என்ன மாப்ளே, மூட்டை 4 கிலோன்னு காட்டுது. நெல்லு போடுறோமா, உமி போடுறோமா?”

தப்பு என்னுடையதுதான். தராசு அனுப்பியது 40.25. ஆனால் அது ஒரே வீச்சில் வந்து சேரவில்லை. முதலில் ‘4’, அப்புறம் ‘0.25’, பிறகு வரிமுடிவு. கைக்கு வந்த முதல் துண்டையே முழு எடை என்று எடுத்துக்கொண்டேன்.

நம் வீட்டுப் பத்தாயம் மாதிரி ஒன்று வேண்டும்: மேலே கொட்டிக்கொண்டே இருக்கலாம், கீழ்வாய் வழியாக எடுத்துக்கொள்ளலாம். பைத்தானில் அது பைட்அரே: பைட்டுகளை, அதாவது 0 முதல் 255 வரையான எண்களை, வரிசையாக வைத்துக்கொண்டு வேண்டும்போது மாற்றக்கூடிய ஒன்று. பைட்ஸ் என்று இன்னொரு வகை இருக்கிறது. அதை ஒருமுறை உருவாக்கினால் மாற்ற முடியாது. கூட்டல் போடும்போதெல்லாம் பழையதை நகலெடுத்துப் புதிதாக ஒன்று பிறக்கும்.

காலி பைட்அரே வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் ஒன்றும் போடாதீர்கள். 5 என்று போட்டால் ஐந்து பூஜ்ய பைட்டுகள் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும்.

சேர்ப்பதற்கு அப்பெண்ட், எக்ஸ்டெண்ட் என்று இரண்டு. அப்பெண்ட் ஒரே ஒரு எண்ணை, 0 முதல் 255 வரை, வாங்கும். 256 கொடுத்தால் பிழை. இங்கே ஒரு குழி: எடை 40 என்று நினைத்து அப்பெண்டுக்கு 40 கொடுத்தால் சேர்வது ஒரு இடது அடைப்புக்குறி. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 40 அதுதான். ‘4’ என்ற எழுத்துக்கு 52, ‘0’ என்பதற்கு 48.

தராசிலிருந்து வரும் துண்டுக்கு எக்ஸ்டெண்ட்தான் சரி; பைட்ஸை அப்படியே கொடுக்கலாம். வெறும் எழுத்துச்சரத்தைக் கொடுத்தால் ஏற்காது, முதலில் என்கோட் செய்து பைட்டுகளாக மாற்ற வேண்டும். நெல் ரகத்தின் பெயரையும் தமிழிலேயே சேர்க்கப் போனபோது நீளக் கணக்கு உதைத்தது. ‘நெல்’ பார்க்க இரண்டெழுத்து. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 12 பைட். கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட். ‘ந’ மட்டுமே 224, 174, 168.

இனி எடுப்பது. ஒவ்வொரு துண்டையும் சேர்த்த பிறகு ஃபைண்டில் 10ஐத் தேடுங்கள், அதுதான் வரிமுடிவு. -1 வந்தால் வரி இன்னும் முடியவில்லை, அடுத்த துண்டுக்குக் காத்திருக்க வேண்டும். கிடைத்தால் அதுவரை உள்ளதை வெட்டி எடுத்து, 10ஐயும் சேர்த்து முன்பகுதியை டெல் போட்டு நீக்குங்கள். இதை ஒருமுறை மட்டும் பார்க்கும் இஃப்பில் எழுதாமல், திரும்பத் திரும்பப் பார்க்கும் வைலில் எழுதுங்கள், ஒரே துண்டில் இரண்டு மூட்டையின் எடை வருவதும் உண்டு. சில தராசுகள் 10க்கு முன்னால் ஒரு 13ஐயும் அனுப்பும். ஸ்ட்ரிப் செய்தால் போய்விடும்.

வெட்டி எடுத்தது தனி நகல், அதைப் பட்டியலில் போடலாம். பைட்அரேயையே பட்டியலில் போட்டுவிட்டு கிளியர் செய்தால் பட்டியலில் இருப்பதும் காலியாகிவிடும்.

சோதிக்க மில்லுக்குப் போக வேண்டியதில்லை. 52, 48, 46, 50, 53, 10 என்று ஒவ்வொன்றாக ஊட்டிப் பாருங்கள். 10 உள்ளே போன பிறகுதான் 40.25 வெளியே வர வேண்டும்.