நல்ல படத்தைத் தப்பாக அறிமுகம் செய்யாதீர்கள்

2012-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பா வீட்டில் எல்லோரும் மதியச் சாப்பாடு முடித்து உட்கார்ந்திருந்தோம். "ஒரு படம் போடட்டுமா? நல்ல படம், பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லி 'ஆரண்ய காண்டம்' போட்டேன். சித்தி, பாட்டி, பத்தாவது படிக்கும் தங்கை எல்லோரும் இருந்தார்கள். கால் மணி நேரத்தில் சித்தி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பாட்டி கண்ணை மூடிக்கொண்டார். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

படத்தின் மேல் குறையே இல்லை. 2011-ல் வந்த அந்தப் படம் தியாகராஜன் குமாரராஜா இயக்கிய முதல் படம். அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருது வாங்கியது. ஒரே நாளில் நடந்து முடிகிற கதையை அவ்வளவு இறுக்கமாகச் சொன்ன தமிழ்ப் படங்கள் குறைவு. ஆனால் அது 'ஏ' சான்றிதழ் பெற்ற படம். வசவுகளும் ரத்தமும் அந்தக் கதையின் உலகத்தைச் சேர்ந்தவை. இவையெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும், எனக்கு அவ்வளவு பிடித்திருந்ததால் அந்த அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. சித்தப்பாவுக்கு இன்றுவரை அது "அன்னிக்கு நீ போட்டியே, அந்தக் கெட்ட வார்த்தைப் படம்". தனியாக ஒரு ராத்திரி பார்த்திருந்தால், அந்தச் சேவல் சண்டைக் காட்சிக்காகவே அவருக்குப் பிடித்திருக்கும். அந்த வாய்ப்பை நான்தான் கெடுத்தேன்.

பெரிய படத்தை யார் எவ்வளவு மோசமாக அறிமுகம் செய்தாலும் அது பிழைத்துக்கொள்ளும். டீக்கடையில் பாட்டு கேட்கும், பண்டிகைக்கு டிவியில் போடுவார்கள், ஒருவர் சொன்ன விதம் பிடிக்காவிட்டால் இன்னும் பத்துப் பேர் சொல்வார்கள். கவனிக்கப்படாத படத்துக்கு அப்படி யாரும் இல்லை. நீங்கள் சொல்கிற இரண்டு வரிதான் அதற்குப் போஸ்டர், டிரெய்லர், விமர்சனம் எல்லாம். அதனால்தான் இந்தத் தவறுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

"அண்டர்ரேட்டட்" என்று தொடங்குவது

'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்தபோது ஓடவில்லை. அது உண்மை. புவனேஸ்வரிலிருந்து சென்னை வரைக்கும் இரண்டு பேர் பேசிக்கொண்டே வருகிற படத்தை அன்றைக்குத் தியேட்டரில் ரசித்தவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் அதன் பிறகு டிவியில் எத்தனை முறை போட்டார்கள், எத்தனை பேர் அதைத் தங்களுக்கு மிகப் பிடித்த படம் என்கிறார்கள்! இன்றைக்கும் அதை "யாரும் கண்டுகொள்ளாத படம்" என்று ஒருவரிடம் கொண்டுபோனால், "இதைப் பத்து தடவை பார்த்தாச்சே" என்பார். அடுத்து நீங்கள் உண்மையிலேயே யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லும்போது அவர் காதில் ஏறாது. வந்தபோது ஓடாதது வேறு, இன்றைக்கும் தெரியாமல் இருப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அந்தச் சொல்லில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. படத்தைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை. மற்றவர்கள் ரசிக்கத் தவறினார்கள் என்ற வருத்தம்தான் அதில் இருக்கிறது, கேட்கிறவருக்கு அந்த வருத்தம் எதற்கு? இதையே கொஞ்சம் நீட்டி, "மாஸ் படம் பார்க்கிறவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது" என்றால் முடிந்தது. அவர் போன வாரம்தான் குடும்பத்தோடு விசிலடித்துக்கொண்டு ஒரு மாஸ் படம் பார்த்திருப்பார். "இன்னுமா பார்க்கல?" என்று முகத்தைச் சுளிப்பதும் இதே ரகம்தான்.

அளவுக்கு மீறிப் புகழ்வது

"வாழ்க்கையே மாறிடும்", "பார்த்துட்டு மூணு நாள் தூங்கல." இப்படிச் சொல்லிவிட்டால், அந்தப் படம் முதல் காட்சியிலிருந்தே கடன்பட்டது போல ஓட வேண்டியிருக்கும்.

லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018-ல் வந்தது. இளையராஜா இசை, விஜய் சேதுபதி தயாரிப்பு. ஆனால் அவர் அதில் நடிக்கவில்லை. நடித்தவர்களில் பலர் அந்த மலைக்காரர்களே. நிதானமாகப் போகிற படம். முதலில் அதை "அழாம பார்க்கவே முடியாது" என்று சொல்லி இரண்டு பேரைப் பார்க்க வைத்தேன். இரண்டு பேரும் எப்போது அழப்போகிறோம் என்று காத்திருந்தார்கள். மலை ஏறுவதும் இறங்குவதும் வழியில் நின்று பேசுவதுமாகப் படம் போனதில் அலுத்துப்போய் பாதியில் விட்டார்கள். அந்த ஏறி இறங்குவதுதான் படமே. அதை நான் சொல்லவில்லை.

மூன்றாவதாக, போடிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒரு நண்பரிடம் வேறு மாதிரிச் சொன்னேன். "ஏலக்காய் மூட்டை சுமக்கிற ஒருத்தர் சொந்தமா கொஞ்சம் நிலம் வாங்கணும்னு ஆசைப்படறார். அவ்வளவுதான் கதை. மெதுவாத்தான் போகும், பாதி நேரம் மலைப்பாதையிலேயே நடக்க விடுவாங்க." அன்று ராத்திரியே பார்த்துவிட்டு அவருடைய தாத்தாவைப் பற்றி ஒரு மணி நேரம் போனில் பேசினார். குறை என்று யாராவது நினைக்கக்கூடியதை நாமே முதலில் சொல்லிவிடுவதில் படத்துக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. மெதுவாகப் போகும் என்றால் மெதுவாகப் போகும் என்று சொல்லுங்கள். மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரம்.

"கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கு"

கதையைச் சொல்லாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். ட்விஸ்ட் இருக்கிறது என்று சொல்வதே பாதிக் கதையைச் சொன்ன மாதிரி. 90-களின் கடைசியில் சன் டிவியில் 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு' தொடரை இப்போது இருபது வயதில் இருக்கிற ஒருவருக்குச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். கருப்புசாமி காவல் காக்கும் ஒரு கிராமம், அங்கே நடக்கும் மரணங்கள். இவ்வளவு போதும். "கடைசியில் யார்னு தெரிஞ்சா ஆடிப்போயிடுவ" என்று சேர்த்தால், ஒவ்வொரு பாத்திரத்தையும் சந்தேகத்தோடு எண்ணிக்கொண்டுதான் பார்ப்பார். அந்த ஊரின் பயத்துக்குள் போகவே மாட்டார். காட்சிகளின் தரம் இன்றைய கண்ணுக்குப் பழசாகத் தெரியும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒன்றிரண்டு பகுதிகளில் அது பழகிவிடும்.

எதைத் தேடுவது என்று சொல்லாமல் விடுவது

சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி நடப்பது. 'ஆயிரத்தில் ஒருவன்' என்று மட்டும் சொன்னால் 1965-ல் வந்த எம்.ஜி.ஆர். படமா, 2010-ல் வந்த செல்வராகவன் படமா? மறுவெளியீடு என்று அடையாளம் சொன்னாலும் தீராது. பழையது 2014-ல் மறுபடி தியேட்டருக்கு வந்தது, புதியது 2020 டிசம்பர் 31-ல் வந்தது. ஆண்டையும் இயக்குநர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கே பார்க்கக் கிடைக்கிறது என்பதையும் அன்றைக்கே ஒரு தடவை சரிபார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம், பட்டியல் கொடுக்காதீர்கள். ஒருவர் "ஏதாவது நல்ல படம் சொல்லு" என்றால் இருபது பெயரை வாட்ஸ்அப்பில் கொட்டுவது நமக்கு மகிழ்ச்சி, அவருக்குப் பாரம். ஒன்றே ஒன்று போதும்.

விளையாட்டுகளில் இன்னும் கவனம் வேண்டும்

படம் பிடிக்காவிட்டால் போவது இரண்டரை மணி நேரம். வீடியோ கேம் என்றால் காசும் போகும், அதற்கான கருவியும் வேண்டும், கையும் பழக வேண்டும். கேமே ஆடாத என் அக்காவிடம் ஒருமுறை எனக்குப் பிடித்த சாகச விளையாட்டு ஒன்றைக் கொடுத்தேன். ஒரு கட்டை விரலால் நடக்க வேண்டும், இன்னொன்றால் பார்வையைத் திருப்ப வேண்டும். பத்து நிமிடம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது எனக்கு வராதுடா" என்று வைத்துவிட்டார். இரண்டு கட்டை விரலையும் சேர்த்து இயக்கப் பல வருடம் பழகியிருக்கிறேன் என்பது எனக்கே அதுவரை உறைக்கவில்லை.

பிறகு 2023-ல் டொரண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா' வந்தது. 80-களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து கிடக்கிறது, அதை வைத்துக்கொண்டு சமைக்க வேண்டும். முதலில் வருவது இட்லி. ஓடத் தேவையில்லை, குதிக்கத் தேவையில்லை, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-ல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. இந்த விருதை அக்காவிடம் நான் சொல்லவே இல்லை. "இட்லித் தட்டை எப்படி அடுக்கணும்னு உனக்குத் தெரியும்ல, அதான் கேம்" என்று மட்டும் சொன்னேன். எனக்கு முன்னால் புதிரை முடித்தார். மகன் தமிழில் பேச மறுக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அப்போது நான் பேச்சுக் கொடுக்காமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு தவறுதான். "இப்ப வரும் பாரு" என்று ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் சொல்வது, மறுநாள் காலையில் "பார்த்தியா?" என்று செய்தி அனுப்புவது. அவருக்கு அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். பிடிக்கவில்லை என்று சொல்லவும் அவருக்கு இடம் வேண்டும்.

சித்தப்பா சொன்ன விதம்

இதையெல்லாம் சரியாகச் செய்து நான் பார்த்தது சித்தப்பாவிடம்தான். நான் வீட்டுக் கடனுக்கு அலைந்துகொண்டிருந்த சமயம், "வீடு கட்டப்போற இல்ல? பாலு மகேந்திரா படம், 1988-ல வந்த 'வீடு', அதைப் பார்த்துட்டு ஆரம்பி. பாட்டு கிடையாது. சிமெண்ட் மூட்டைக் கணக்கு வர்ற இடத்தைக் கவனமாப் பாரு" என்றார். யாருக்கு, எதற்கு, எப்போது என்று எல்லாம் அந்த நாலு வரியில் இருந்தது. அன்றைக்கே பார்த்தேன்.

அதன் பின்னணியில் ஓடுகிற வயலின் எனக்கு ஏற்கெனவே தெரிந்தது. 1986-ல் இளையராஜா தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக் (Bach) என்பவருக்கும் சமர்ப்பித்து வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பின் இசை. அதை எத்தனை பேருக்கு இணைப்பாக அனுப்பியிருக்கிறேன்! பஸ்ஸிலும் வேலைக்கு நடுவிலும் அரை நிமிடம் கேட்டுவிட்டு, "நல்லாருக்கு" என்று பதில் போட்டார்கள். இப்போது அந்த இணைப்பை அனுப்புவதில்லை. "ஒரு நாள் சாவகாசமா 'வீடு' பாரு" என்கிறேன். பார்த்த சிலர், நான் சொல்லாமலே, அந்த வயலின் என்னவென்று கேட்டிருக்கிறார்கள்.