ஆயா வைத்தால் கட்டுபடியாகுமா?

சென்னையில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் எல்லோரும் முதலில் விசாரிப்பது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவின் மாதச் சம்பளத்தை. அதற்கு முன்னால் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குக் காலை 8.15-க்குக் கிளம்பி இரவு 7 மணிக்குத் திரும்புகிறீர்கள் என்றால், ஆயா வீட்டில் இருக்க வேண்டியது பத்தே முக்கால் மணி நேரம். எட்டு மணி நேர வேலை என்று பேசிவிட்டுத் தினமும் கூடுதலாக நிற்கவைத்தால், இரண்டாவது மாதமே சம்பளத்தை ஏற்றிக் கேட்பார். நியாயம் அவர் பக்கம்தான். அப்பா 7 மணிக்குப் போய் 5-க்குத் திரும்பி, அம்மா 9.30-க்குக் கிளம்ப அலுவலகம் ஒத்துக்கொண்டால் தேவை ஏழரை மணி நேரமாகச் சுருங்கும். சம்பளத்தில் பேரம் பேசிக் குறைப்பதைவிட இதில் மிச்சம் அதிகம்.

இப்போது பணம். பேசிய சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி போனஸாக ஒரு மாதச் சம்பளம் சேர்த்தால் ஆண்டுக்கு 1,95,000. மதியச் சாப்பாடு, காபி மாதம் 2,000 வீதம் 24,000. ஏஜென்சி கமிஷன் ஒரு மாதச் சம்பளம் என்றால் 15,000. அவர் ஊருக்குப் போகும் நாட்களில் டே கேர் செலவோ, உங்களில் ஒருவர் சம்பளமில்லா விடுப்பு எடுக்கும் இழப்போ 12,000. ஆக மொத்தம் 2,46,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 20,500. பட்ஜெட்டில் எழுத வேண்டியது இந்தத் தொகையைத்தான். வருமான வரியில் இதற்குக் கழிவு கிடையாது.

இதை அம்மாவின் சம்பளத்தில் மட்டும் கழித்து, “மிச்சம் இவ்வளவுதானா, வேலையை விட்டுடேன்” என்று சொல்லும் வழக்கம் தவறு. செலவு இருவர் வருமானத்துக்கும் பொது. வேலையை விட்டால் சம்பளத்தோடு பிஎஃப், இன்க்ரிமென்ட், கிராஜுவிட்டிக்கான தொடர் சேவை எல்லாமும் போகும். இருவரும் சேர்ந்து கையில் வாங்குவது 90,000. வாடகை 22,000, தவணை 8,000, மளிகை முதல் மருந்து வரை 28,000 என்றால் மிச்சம் 32,000. ஆயா செலவு போக 11,500 நிற்கும். இறுக்கம்தான், ஆனாலும் கட்டுபடியாகும். அதே செலவுகளோடு 75,000 வாங்கும் வீட்டில் மாதாமாதம் கடன் வாங்க வேண்டிவரும்.

அப்படிப்பட்டவர்களுக்கு நல்ல வழி, அதே அடுக்குமாடியில் ஒத்த வயதுக் குழந்தை உள்ள இன்னொரு குடும்பத்தோடு ஆயாவைப் பகிர்ந்துகொள்வது. இரண்டு குழந்தைக்கு 22,000 கொடுத்தால் வீட்டுக்கு 11,000. எந்த வீட்டில் பார்த்துக்கொள்வது, ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். சண்டை அங்கேதான் வரும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்பது 2017-இல் சட்டமானது. ஹெச்ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்வார்த்தை போதாது.

பேறுகால விடுப்பு 26 வாரம். அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்திருந்தால், திரும்பும்போது குழந்தைக்கு நாலு மாதம்தான் ஆகியிருக்கும். அதனால் விடுப்பு முடிய மூன்று வாரம் இருக்கும்போதே ஆயாவை வரச்சொல்லுங்கள். அந்த மூன்று வாரச் சம்பளத்தை வீண் என்று நினைக்க வேண்டாம். பால் கலக்கும் அளவு, தூங்கவைக்கும் விதம், அழுதால் போனைக் கையில் கொடுக்கிறாரா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

ஆயா நின்றுபோக அடிக்கடி காரணமாவது, குழந்தை தூங்கும்போது சும்மாதானே இருக்கிறார் என்று பாத்திரமும் துணியும் சேர்வது. பாத்திரம் தேய்க்கத் தனி ஆள் வைத்துக்கொள்ளுங்கள். வார விடுமுறை, சம்பளத் தேதி, அட்வான்ஸ் பிடிக்கும் முறை மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் அரை மாதச் சம்பளத்தைத் தாண்டாமல், மாதம் 2,000 வீதம் கழித்தால் அவருக்கும் பாரமில்லை. ஏஜென்சியிடம் பணம் கட்டும் முன், ஆள் நின்றுவிட்டால் எத்தனை நாளில், எத்தனை முறை மாற்று ஆள் தருவார்கள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டு வேலையாட்களுக்கான காவல்துறைச் சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். எதற்காக என்பதை அவரிடம் முதலிலேயே மரியாதையாகச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.