எக்ரிமெண்டுல பிரெஞ்சு வார்த்த வந்தா எப்படி படிக்கிறது

நம்ம மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்த மூடுறாங்கன்னா ஆபீஸ்ல கூப்ட்டு ஒரு கடுதாசி நீட்டுவாங்க, அதுல 'இன் லியூ ஆஃப் நோட்டிஸ்'னு ஒரு வரி இருந்தா சைன் போடாம அங்கயே நில்லுங்க. லியூன்னா பிரெஞ்சுல இடம், அதாவது முன்கூட்டி நோட்டிஸ் குடுக்குற இடத்துல அத்தன நாள் சம்பளத்த குடுத்து அனுப்புறாங்க. 1955 வேலை சட்டத்துல கணக்கு இருக்கு, சர்வீஸ் ரெண்டு வருஷத்துக்கு கம்மின்னா 4 வாரம், அஞ்சுக்கு கம்மின்னா 6, அதுக்கு மேல 8. ஆள்குறைப்பு பணம் இதுல சேராது, அது 1980 விதிமுறைல தனியா வருது, ஒரு வருஷமாச்சும் வேலை செஞ்சிருந்தா சர்வீஸுக்கு தகுந்த மாதிரி வருஷத்துக்கு 10, 15, இல்ல 20 நாள் சம்பளம். ஆறு வருஷம் ரப்பர் பால் வெட்டுன அக்காவுக்கு 8 வார சம்பளமும் வரணும், அதுக்கு மேல வருஷத்துக்கு 20 நாள்னு 120 நாள் சம்பளமும் வரணும். ஒரே தொகையா போட்டிருந்தா பிரிச்சு எழுதி குடுங்கன்னு கேளுங்க, முடியாதுன்னா கடுதாசிய எடுத்துக்கிட்டு நேரா லேபர் ஆபீஸ்.

அடுத்து ஃபோர்ஸ் மஜூர். நம்ம கைய மீறின பெரிய சக்தி, வெள்ளம், கொள்ளைநோய் மாதிரி. 2020 மார்ச்ல எம்சிஓ, அதாவது கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு, வந்தப்ப கல்யாண மண்டபத்துக்கு டெபாசிட் கட்டின எத்தன குடும்பம் தவிச்சுச்சு! மண்டபம் புக் பண்ணும்போது இந்த வார்த்தைக்கு கீழ என்னென்ன போட்டிருக்காங்க, காசு திரும்ப வருமா, தேதி மட்டும் மாத்துவாங்களான்னு விரல் வச்சு படிங்க. அந்த பகுதியே இல்லன்னா 1950 ஒப்பந்த சட்டம் 57-வது பிரிவுதான், செய்யவே முடியாம போச்சுன்னு நிரூபிக்கணும், சுலபமில்ல.

கோர்ட்டுல யாராச்சும் 'வ்வார் டியர்'னு சொன்னா பயப்படாதீங்க, கேஸுக்குள்ள ஒரு குட்டி விசாரணை, போலீஸ் பிடிச்ச பையன் வாக்குமூலத்த தானா குடுத்தானா அடிச்சு வாங்கினாங்களான்னு ஜட்ஜ் பார்ப்பாரு. வீட்டாளுங்க இத தெரிஞ்சு வச்சிருந்து லோயர்கிட்ட நடந்தத ஒண்ணு விடாம சொல்லணும், ரொம்ப முக்கியம். 'ஓத்ரஃபுவா அக்கிட்' வந்தா ஒரு தடவ விடுதலையான குத்தத்துக்கு மறுபடி கேஸ் போட முடியாதுன்னு அர்த்தம், நம்ம அரசியல் சாசனம் 7-வது பிரிவுலயே இருக்கு. இந்த மாதிரி கோர்ட்டு வார்த்தைங்க 1066-ல பிரான்ஸ் பக்கத்து நார்மண்டிக்காரன் இங்கிலாந்த பிடிச்சதுக்கு அப்புறம் ஒட்டிக்கிட்டது, வெள்ளக்காரன் சட்டத்தோட நம்மகிட்டயும் வந்துருச்சு.

படம், நியூஸ்ல வர்றது லேசு. 'டேஜா வூ' ஏற்கெனவே பார்த்த மாதிரி தோணுறது, 'ஃபெம் ஃபட்டால்' ஆள மயக்கி கவுக்குற பொம்பள கேரக்டர், 'கூ டெ தா' (coup d'état) ஆட்சிய திடீர்னு பறிக்கிறது, அதுல பி-யும் கடைசி டி-யும் வாய்ல வராது. கல்யாண கார்டுல ஆர்எஸ்விபி இருந்தா தயவுசெஞ்சு பதில் சொல்லுங்கன்னு கேக்குறாங்க, வர முடியலன்னாலும் ஒரு மெசேஜ் போட்டுடுங்க, சாப்பாட்டுக்கு ஆள் கணக்கு எடுக்கணும்ல.