பிள்ளைக்குப் படம் புரிகிறதா? நாம் தவறாகக் கணிக்கும் இடங்கள்

படத்தில் இருப்பது என்னவென்று தெரிவது ஒன்று. அது வெறும் படம்தான் என்று புரிவது இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

1962-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஹாக்பெர்க், புரூக்ஸ் என்ற உளவியலாளர்கள் தங்கள் குழந்தைக்கு 19 மாதம் வரை எந்தப் படத்தையும் காட்டிப் பெயர் சொல்லித் தராமல் வளர்த்தார்கள். கூடியவரை படங்களே கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டார்கள். (பாவம், அந்தப் பிள்ளை!) பிறகு கோட்டோவியங்களைக் காட்டியபோது, தெரிந்த பொருள்களின் பெயர்களை அது சரியாகவே சொன்னது. உருவத்தை அடையாளம் காணத் தனிப்பாடம் தேவையில்லை.

ஆனால் 9 மாதக் குழந்தை படத்திலுள்ள பொருளைக் கையால் எடுக்கப் பார்க்கும். அமெரிக்காவிலும் சரி, மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டிலும் சரி, உளவியலாளர் ஜூடி டிலோச் குழுவினர் கண்டது இதைத்தான். இதை மந்தம் என்று எண்ண வேண்டாம். படத்தை என்ன செய்வது என்று தடவிப் பார்க்கும் பருவம் அது. ஒன்றரை வயதைத் தாண்டும்போது அதே விரல் சுட்டிக்காட்டத் தொடங்கிவிடும். அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தொலைக்காட்சியில் தெரியும் பாப்கார்ன் கிண்ணம், பெட்டியைக் கவிழ்த்தால் கொட்டிவிடுமா என்று கேட்டால், 3 வயதுப் பிள்ளைகள் பலர் கொட்டும் என்றே சொல்கிறார்கள்.

பெரிய தவறு அடுத்தது: படத்துக்குத் தவறான விடை வந்தால் அறிவையே சந்தேகிப்பது. 1960-இல் ஹட்சன் என்ற உளவியலாளர் தென்னாப்பிரிக்காவில் ஒரு படத்தைக் காட்டிக் கேள்வி கேட்டார். வேடன் ஈட்டியை ஓங்குகிறான், அருகே மான், தொலைவில் குன்றின் மேல் சிறியதாக ஒரு யானை. குறி எதற்கு? யானைக்கு என்றவர்களுக்குப் படத்தின் ஆழம், அதாவது எது அருகே, எது தொலைவில் என்பது தெரியவில்லை என்று முடிவு கட்டினார்கள். ஆனால் தட்டையான தாளில் சிறியதைத் தொலைவு என்று கொள்வது ஓவியர்களின் வழக்கம், பழகினால்தான் வரும். பின்னால் வந்தவர்கள் படத்தில் ஆழக் குறிப்புகளைக் கூட்டியதும் விடைகள் மேம்பட்டன. சோதனையில் தோற்றது பார்த்தவரா, படமா?

தாளே தடையாவதும் உண்டு. எத்தியோப்பியாவின் மேயென் மக்களிடம் தாளில் அச்சிட்ட படத்தைக் கொடுத்தபோது, தாள் புதிது என்பதால் சிலர் அதை முகர்ந்தும் கசக்கியும் பார்த்தார்கள். துணியில் வரைந்து காட்டியபோது, தெரிந்த விலங்குகளைப் பெரும்பாலும் கண்டுகொண்டார்கள்.

வரிசைப் படங்களில் இன்னொரு பொறி. காலையும் இரவும் எந்தப் பக்கம் என்று கேட்டால், அரபு எழுதும் பிள்ளை பல வேளை வலமிருந்து தொடங்கும். தன் எழுத்து ஓடும் திசையிலேயே அது காலத்தையும் ஓட்டுகிறது. விடைத்தாளில் அதைப் பிழை என்று குறிப்பவர், பிள்ளையிடம் ஒருமுறை கதையை வாயால் சொல்லச் சொல்லியிருக்கலாம்.